நாகேஷிடம் சிரிப்பு போக என்ன கிடைத்தது?

மார்ச் 3

ஒரு வாசகர் போட்ட கேள்வி, அப்படியே: “பழைய நடிகர்களை ரசித்தே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்கள். கேட்டால் அவரிடம் ஈகை கற்றோம், இவரிடம் உச்சரிப்பு கற்றோம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நிஜமாகவே ஒரு நடிகரைப் பார்த்து யாராவது எதையாவது மாற்றிக்கொண்டதுண்டா? உதாரணத்தோடு சொல்லுங்கள். புகழாரம் வேண்டாம்.”

உண்டு தம்பி. என் ஆள் நாகேஷ். எம்ஜிஆர், சிவாஜி என்று ஊர் இரண்டு கட்சியாக நின்ற காலத்தில் எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு பேர் படத்துக்கும் போனவள் நான். இரண்டு பக்கமும் அவர் இருந்தார். 1965-இல் எங்க வீட்டுப் பிள்ளையில் எம்ஜிஆரோடு, அதே வருடம் திருவிளையாடலில் சிவாஜியோடு. எனக்கென்ன நஷ்டம்?

என்னத்தை மாற்றிக்கொண்டாய் என்றால், கண்ணாடி பார்ப்பதை. விவரம் நாளைக்கு. அடுப்பில் பால் இருக்கிறது.

மார்ச் 4

எனக்குப் பெரியம்மை வந்தது பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில். சின்னம்மை இல்லை, அது வந்தால் போய்விடும். இது போகும்போது முகத்தில் எழுதிவிட்டுப் போகும். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-இல், நாடு அதிலிருந்து விடுபட்டதாக 1977-இல் சான்றிதழ் கொடுத்தார்கள். அதனால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தழும்பு விழுந்த முகத்தை நேரில் பார்த்தே இருக்கமாட்டீர்கள். எங்கள் தலைமுறையில் பஸ் ஏறினால் நாலு பேருக்கு இருக்கும்.

மூலனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுப்பி உட்காரவைத்தபோது அம்மிச்சி (அம்மாவின் அம்மா) என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆத்தா முத்திரை போட்டுட்டுப் போயிருக்கா, ஒண்ணுமில்ல சாமி” என்றார். ஒன்றுமில்லை என்று சொன்ன அதே அம்மிச்சிதான் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். எனக்கு அது தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும்.

அப்புறம் டூரிங் கொட்டகையில் காதலிக்க நேரமில்லை வந்தது. வெளிவந்தது 1964. எங்கள் ஊருக்கு வரும்போது பிரிண்ட் கிழிந்து, பாட்டுக்கு நடுவில் பாட்டு ஓடியது. பெண்கள் பக்கம் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். கலர்ப் படம். ஸ்ரீதர் எல்லோரையும் அழகாகவே காட்டியிருப்பார். காஞ்சனா அழகு, ராஜஸ்ரீ அழகு, ரவிச்சந்திரன் அழகு, ஆழியாறு அழகு. நடுவில் ஒல்லிக்குச்சியாக ஒருவர், கன்னமெல்லாம் அம்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, “நம்ம தாராபுரத்துப் பையன்டி” என்றார். 1933-இல் தாராபுரத்தில் பிறந்தவர், அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் தூரத்துச் சொந்தம் மாதிரி.

நான் கவனித்தது ஒன்றே ஒன்று. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் கேமராவுக்குக் கிட்டத்தில் போகிறார். ஒளியவில்லை. பக்கவாட்டில் திரும்பி நல்ல கன்னத்தை மட்டும் காட்டவும் இல்லை (நல்ல கன்னம் என்று ஒன்று இருந்தால்தானே). கண்ணை உருட்டி, வாயைக் கோணி, தாடையை நீட்டி, மொத்த முகத்தையும் கொண்டுபோய்ச் சனங்களுக்கு முன்னால் வைக்கிறார். சனங்கள் சிரிக்கிறார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த முகம் செய்கிற வேலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இது எனக்கு அன்றைக்கே வார்த்தையாகப் புரிந்தது என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினேன். அம்மிச்சி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 4, இரவு

“இதுதான் தன்னம்பிக்கை” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த வண்டியில் என்னை ஏற்றாதீர்கள். என் முகம் அழகு என்று நான் நினைக்கத் தொடங்கவில்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை. முகம் முகமாக இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்ற அளவுதான்.

மார்ச் 7

ஒருவர் கேட்கிறார்: “பாலசந்தர் இயக்கிய சர்வர் சுந்தரத்தைப் பற்றி ஏன் பேச்சையே காணோம்?” இயக்கியது கிருஷ்ணன்-பஞ்சு. ஏவிஎம் தயாரிப்பு, 1964. பாலசந்தர் மேடை நாடகமாக எழுதியதுதான் படமானது. அவர் இயக்கிய முதல் படம் அடுத்த வருடம் வந்த நீர்க்குமிழி, அதிலும் நாகேஷ்தான் நாயகன். இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு.

ஏன் பேசவில்லை என்றால், அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம். நடிப்பில் குறையே இல்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவர் வருகிற வரத்து ஒன்று போதும், எந்த ஓட்டலிலும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வருத்தம் கதையின்மேல். சுந்தரம் பெரிய நடிகன் ஆகிறான், பணம் வருகிறது, ஆனால் கே.ஆர்.விஜயா விரும்புவது முத்துராமனை. இவனுக்குக் கிடைப்பது இரக்கம். கடைசியில் மறுபடி சர்வர் வேலைக்கே போய்விடுகிறான். நாகேஷ் முகத்துக்கு அழுகை கொடுக்கலாம், கல்யாணம் கொடுக்கக்கூடாது என்று கதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறது. படம் முடிந்து கொட்டகையே மூக்கை உறிஞ்சியபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. தழும்பு முகத்தை வைத்து ஓர் ஆண் நடிகனாகலாம், சிரிக்கவைக்கலாம், நாயகனாகக்கூட வரலாம். அப்படியொரு பெண்முகம் எந்தப் படத்தில் வந்தது? யோசித்துப் பாருங்கள். நாகேஷை ரசித்த அத்தனை வருடமும் இது எனக்குள் ஓர் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் போட்ட பாதையில் அவர் மாதிரியே ஒரு பெண் போக முடிந்திருக்காது.

என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பொழுது சாய்ந்த நேரம், வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு எங்கள் அம்மாவிடம், “விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க” என்றார். அம்மா நகரவில்லை. அப்பா மோட்டைப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, “டார்ச்சு லைட்டும் இருக்குதுங்க, எடுத்தாரட்டுங்களா?” என்று கேட்டுவிட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவு முழுக்க நாகேஷ் சொத்து. அவர் எவ்வளவு குனிகிறாரோ அவ்வளவு எதிராளிக்குச் சங்கடம், கவனித்திருக்கிறீர்களா?

அந்த இடம் அமையவில்லை. அமைந்திருந்தால் தினமும் டார்ச்சு அடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 8

“தன்னைத் தானே கேலி செய்துகொள்வது ஒரு வகைத் தாழ்வு மனப்பான்மைதானே அக்கா?” என்று ஒரு தங்கச்சி. நல்ல கேள்வி. நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் கேலி செய்தது என்னை இல்லையே, விளக்கைக் கேட்டவரை. ஆனாலும் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று ஓயாமல் தன்னையே குத்திக்கொண்டிருக்கும் ஆட்களை எனக்கும் தெரியும். அலுப்பாக இருக்கும்.

திருவிளையாடலில் நாகேஷ் செய்த தருமியைப் பாருங்கள். ஏழை, பாட்டு எழுத வராது, ஆயிரம் பொன்மேல் ஆசை. இது மூன்றையும் அவன் மறைக்கவே இல்லை. பாட்டில் குற்றம் இருந்தால் குற்றத்துக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று அரசவையில் பேரம் பேசுகிறான். ஒரு நிமிஷம்கூட அவன் தன்னை மட்டம் தட்டிக்கொள்ளவில்லை. உள்ளதை உள்ளபடி மேசைமேல் வைத்துவிட்டு, “சரி, இப்போ என்ன தருவீங்க?” என்கிற நிலைமை. பிறகு வெளியே வந்து கடவுளிடமே சண்டைக்குப் போகிறான். புடவையில் நூல் பிசிறியிருந்தால் நானும் தருமிதான். பிசிறுக்குத் தக்கபடி விலையைக் குறைக்கச் சொல்லுவேன். பாதிக் கடைக்காரர்களுக்கு அந்தக் காட்சி தெரியும், சிரித்துக்கொண்டே குறைத்துவிடுவார்கள்.

அந்தப் படத்தில் நக்கீரராக வந்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜனேதான் என்பது தெரியாதவர்களுக்காக ஒரு வரி.

மார்ச் 12

இது கொஞ்சம் நீளம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

எனக்கு வேலை கிடைத்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ட்ரங்க் கால் போர்டில். முகம் தெரியாத வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. வெளியூருக்கு நாமே நேராக டயல் செய்கிற எஸ்டிடி எல்லா ஊருக்கும் வராத காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த கட்டணம். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. மூன்று முடிந்தால் நடுவில் நுழைந்து சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு: பேசுவது. சந்தாதாரர் பாதி வாக்கியம் சொல்லும்போதே “எந்த ஊர், எந்த நம்பர், லைனில் இருங்கள்” என்று அடுக்குவார்கள். வேகமாக வேலை செய்கிற மாதிரி இருக்கும். உண்மையில் நம்பரைத் தப்பாக எழுதியிருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் காதலிக்க நேரமில்லையை மறுபடி ஒரு தியேட்டரில் போட்டார்கள். செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் படக்கதை சொல்கிற காட்சி எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் பார்த்தபோது நாகேஷ் போடுகிற சத்தங்களுக்கு, அந்தக் கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றுக்கும், சிரித்தேன். இந்தத் தடவை என் கண் பாலையா மேலேயே நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடிதான். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வெலவெலத்துப் போகிறார். கதையைச் சொல்வது ஒருவர், கதை நடப்பது இன்னொருவர் முகத்தில்.

ஆனால் அது நடப்பதற்கு நாகேஷ் விடுகிறார், அதுதான் விஷயம். ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் நிறுத்துகிறார். சின்ன நிறுத்தம்தான். அந்த இடைவெளியில் தான் எதுவும் செய்யாமல் பாலையாவைப் பார்க்கிறார். பயம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. படபடவென்று பேசுகிற நடிகர் என்று அவருக்குப் பேர். நான் சொல்வேன், தமிழில் நிறுத்தத் தெரிந்த நடிகர்களில் அவருக்கு முன்வரிசை இடம் உண்டு.

மறுநாள் போர்டில் உட்கார்ந்தபோது அதையே செய்து பார்த்தேன். சந்தாதாரர் பேசி முடித்த பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருப்பது. ஆச்சரியம், அந்த இடைவெளியில்தான் ஆட்கள் சரியான நம்பரைச் சொன்னார்கள். முதலில் சொன்னதைத் தாங்களே திருத்தினார்கள்.

ஒரு பெரியவர். பம்பாய்க்கு லைட்னிங் கால் வேண்டும் என்றார். நம்பர் சொல்லவில்லை. “எம் பையனுக்குச் சொல்லோணும்” என்றார். நான் பேசாமல் இருந்தேன். “அவங்கம்மா…” என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரே நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், கடைசியில் “கேட்டுக்கிட்டீங்களா அம்மிணி?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டேன்.

ஒரு நகைச்சுவைக் காட்சியிலிருந்து சாவுச் செய்திக்குப் பாடம் எடுத்தாளா என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

மார்ச் 13

“அப்போ உங்கள் குரு பாலையா, நாகேஷ் இல்லை” என்று ஒருவர் மடக்கிவிட்டார். விடமாட்டீர்களே. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் காட்சி. போதுமா?

மார்ச் 19

எதிர்நீச்சல் பற்றி நிறையப் பேர் கேட்டதால். 1968, பாலசந்தர். மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் மாதுவாக நாகேஷ். அனாதை. அந்த ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடுவதைச் சாப்பிட்டு, நடுவில் காலேஜ் படிப்பான். உழைத்தால் உயரலாம் என்பதற்கு உதாரணமாக இந்தப் படத்தைக் காட்டுகிறார்கள்.

நாகேஷை வைத்து நான் கேள்வி கேட்டுக்கொள்கிற படம் இதுதான். கல்யாணமாகிப் போன வீட்டில் நான் கொஞ்ச காலம் மாது மாதிரிதான் இருந்தேன். யார் கூப்பிட்டாலும் ஓடுவது, எல்லோருக்கும் நல்ல பிள்ளை. முகத்தில் குறை இருக்கிறது, அதை வேலையில் ஈடுகட்டுவோம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும். படம் அந்தக் கணக்கை ரொம்ப அழகாகக் காட்டுகிறது, அதனாலேயே அது ஆபத்து. எல்லோருக்கும் வேலை செய்பவனைப் பார்த்தால் நமக்குப் பாசம் வருகிறது. அந்தப் பாசத்தில், ஒரு கட்டடமே சேர்ந்து ஒரு பையனை ஏய்த்துக்கொண்டிருப்பது மறந்துபோகிறது.

இப்படிச் சொன்னாலும் நாகேஷ் முகத்தைப் பார்த்தால் அது அவருக்குத் தெரியும் என்றுதான் படுகிறது. ஒவ்வொருவராகக் கூப்பிடும்போது “இதோ” என்று ஓடுவதற்கு முன்னால் ஒரு கணம் அந்தக் கண் தொங்கும். படத்தை மறுபடி போட்டால் அங்கே பாருங்கள். எனக்கு அந்தக் கண்தான் உதவியது. ஒருநாள் மாமியார் கூப்பிட்டபோது, “கை வேலையா இருக்குதுங்க அத்தை, முடிச்சுட்டு வரேன்” என்றேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவரே போய் எடுத்துக்கொண்டார். பின்னாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து தில்லானா மோகனாம்பாள் பார்த்துவிட்டு, அதில் நாகேஷ் செய்த சவடால் வைத்தியைத் திட்டிக்கொண்டே வீடுவரை நடந்தோம். வைத்தி மாதிரி ஓர் ஆளை எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரே ஆள்தான். பெயர் எழுதமாட்டேன்.

மார்ச் 20

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. மாதுவும் வைத்தியும் ஒரே வருடம், 1968. ஒன்றில் எல்லோருக்கும் அடிமை, இன்னொன்றில் எல்லோரையும் பிடித்து விற்கப் பார்ப்பவன். அதே ஒல்லி உடம்பு, அதே பணிவு. எங்கே பணிவு நிஜம், எங்கே வேஷம் என்று கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டுமானால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

மார்ச் 24

“அவர் கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன வேஷம்தானே செய்தார், அது வீழ்ச்சிதானே?” என்கிறார் ஒருவர்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேஷம். வந்து வலியில் துடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த நாடகத்துக்குத் தலைமை தாங்க வந்த எம்ஜிஆர், பெரிய வேஷக்காரர்களை விட்டுவிட்டு அந்த வயிற்றுவலிக்காரனைப் பாராட்டிப் பேசினார். எல்லோரும் சொல்லும் கதை இது. இந்தப் பக்கம் 1994-க்கு வாருங்கள், மகளிர் மட்டும். அதில் அவர் பிணம். வசனம் கிடையாது, கண் திறக்கக்கூடாது, மூச்சு விடுவது தெரியக்கூடாது. ஆஸ்பத்திரியில் மூன்று பெண்கள் அவரைத் தள்ளிக்கொண்டு அலைகிறார்கள், தியேட்டர் உருண்டு சிரிக்கிறது. வயிற்றுவலிக்காரனுக்கும் பிணத்துக்கும் நடுவில்தான் மற்ற அத்தனை படமும்.

அதே வருடம் நம்மவர். மகளைப் பறிகொடுத்த அப்பா. துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் வந்தது. அபூர்வ சகோதரர்களில் அவரை வில்லனாகப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாகேஷைப் பார்த்துப் பயப்படுவேன் என்று யார் கண்டது?

பத்ம விருது எதுவும் அவருக்குக் கொடுக்கவில்லை. தி.நகரில் அவர் பெயரில் இருந்த தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. 2009 ஜனவரி 31-இல் போய்ச்சேர்ந்தார். இதையெல்லாம் வீழ்ச்சிக் கணக்கில் எழுதுவதா வேண்டாமா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் எங்கள் போர்டையே கழற்றி எடுத்துப் போனார்கள், எஸ்டிடி வந்த பிறகு. நான் வேறு பிரிவில் உட்கார்ந்து பில் சரிபார்த்தேன். சம்பளம் அதேதான், குரலுக்கு வேலை இல்லை. அப்போது ஒரு வருடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் திரிந்தேன். பிணமாக நடித்தும் ஒருவர் பேர் வாங்குகிறாரே என்று பார்த்த பிறகு பில்லை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். பாராட்டு ஒன்றும் வரவில்லை. எம்ஜிஆர் அந்த ஆபீசுக்கு வருகிறவர் இல்லையே.

மார்ச் 25

அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளறுகிறவர்களுக்கு: நான் அவரைத் திரையில்தான் பார்த்தேன். எடுத்துக்கொண்டதும் அங்கேயிருந்துதான். மீதி அவர் வீட்டு விஷயம்.

ஏப்ரல் 2

பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். எட்டாவது போகப் போகிறான், செல்போனை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். கதை சொல்கிற காட்சியை அவன் போனிலேயே போட்டுக்காட்டினேன். முதலில் வேண்டாவெறுப்பாகப் பார்த்தான், பிறகு சிரித்தான், திரும்பப் போடச் சொன்னான். எனக்கு ஒரே பெருமை. நாகேஷ் இன்னும் ஓடுகிறார் பார் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அம்மிச்சி, இந்தக் குண்டுத் தாத்தா யாரு? செம்மையா பயப்படறாரு” என்றான்.

டி.எஸ்.பாலையா என்றேன். அவர் வேறு என்ன படத்தில் இருக்கிறார் என்று கேட்டான். திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர், தில்லானாவில் தவில் வித்வான். 1936-இல் சதி லீலாவதி காலத்திலிருந்து நடித்தவர். வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். தருமி வரும்போது ஓட்டிவிடுகிறான், பாகவதர் வந்தால் நிறுத்திப் பார்க்கிறான். இந்த வீட்டில் இனி இரண்டு கட்சி.

பாலையா வில்லனாக நடித்த நல்ல படங்கள் தெரிந்தவர்கள் பட்டியல் போடுங்கள். லீவு மே கடைசிவரை இருக்கிறது, எனக்குச் சரக்கு தீர்ந்துபோயிற்று.